ஒரு எட்டு பின்னால்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் பதினாறு பேர். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது பதினைந்து பேர் பேருந்தில் ஏறி, சீட்டுக்குச் சண்டை போட்டு, ஜன்னலோரம் யாருக்கு என்று முடிவாகி, ஒருத்தி கடலை மிட்டாயைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் அவள் ஏறுவாள். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பை, பந்து வலை, தண்ணீர் கேன், ஆள், எதுவும் கீழே விட்டுப்போகவில்லை என்று தெரிந்தால்தான் இன்னொரு கால் தரையை விட்டு எழும்பும். கண்டக்டர்களுக்கு இது பிடிக்காது. "ஏம்மா, ஒனக்கு மட்டும் தனியாப் பத்திரிகை வச்சு அழைக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். "வந்துட்டேண்ணே, நீங்க விசில் அடிங்க" என்று சிரித்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குச் சில சமயம் கோபத்தைக் கிளப்பும்.

நான் கோலி, கோல் கம்பத்தைக் காப்பவள். ஆவூர்க்காரி. எங்கள் ஊரில் கோயில் திடலில் பந்து உருளாத சாயங்காலம் கிடையாது, அதனால் எனக்குப் பந்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. அவள் இலுப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கல்லூரிக்கு வந்துதான் பந்தையே தொட்டாள். ஆனால் இரண்டே மாதத்தில் எனக்கு முன்னால் கடைசி ஆளாக அவள்தான் நின்றாள். அந்த இடத்துக்கு ஸ்வீப்பர் என்று பெயர். தடுத்து ஆடுகிற மற்ற மூன்று பேக்குகளும் வரிசையாக நிற்க, அவர்களுக்குப் பின்னால், கோலிக்கு முன்னால், தனியாக நிற்பவள். முன்னால் யார் கோட்டை விட்டாலும் பந்தைக் கூட்டி வெளியே தள்ளுவது அவள் வேலை.

மூன்று வருஷம் நான் பார்த்தது பெரும்பாலும் அவள் முதுகைத்தான். ஐந்தாம் எண், வியர்வையில் ஒட்டிய சட்டை, மடித்துக் கட்டிய ஒற்றைச் சடை, இடுப்பில் ஊன்றிய இடது கை. அந்தக் கை இடுப்பில் இருந்தால் ஆபத்து ஒன்றுமில்லை. கை இறங்கினால் நான் குனிந்து தயாராவேன். பந்தைப் பார்த்து நான் கோல் காத்ததைவிட அவள் கையைப் பார்த்துக் காத்ததுதான் அதிகம். இதை இப்போது போலீஸ் ஸ்டேஷனில் என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் என்னைப் பெரிய கோலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் பெயரை எழுதவில்லை. அவளைக் கேட்காமல் எழுதுகிறேன், அதற்கு மேல் காரணம் கிடையாது.

முதல் வருஷம் ஒரு நாள் பயிற்சி நேரத்தில் அவள் அப்பா வந்துவிட்டார். அரிசி மில்லில் வேலை பார்க்கிற மனிதர், தலையிலும் மீசையிலும் தவிடு ஒட்டியிருந்தது. சைக்கிளைக் கோல் கம்பத்தில் சாத்திவிட்டு நேராக என்னிடம்தான் கேட்டார்.

"இங்கிட்டு எம்மகள ஸ்வீப்பரா போட்டிருக்காங்களாமே. யாரு போட்டது?"

"ஆமாங்க, நல்லா பண்ணுறா" என்று நான் பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"படிக்க அனுப்புனா கூட்டச் சொல்றீங்களா? பீஸ் கட்டித்தானே சேத்திருக்கு? ஊருக்குள்ள கேக்குறாங்க, ஒம்மக காலேஜுல கூட்டுறாளாமேன்னு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு."

எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் மட்டும் ஓடி வந்து, "அப்பா, அது பந்துல ஒரு எடம்ப்பா" என்றாள். அவர் நம்பவில்லை. அவரை எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கவைத்து, அரை மணி நேரம் ஆட்டத்தைப் பார்க்கவைத்தாள். அவர் கைகட்டிக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு எங்கள் இடது பேக் பாத்திமா நாலு தடவை இடத்தை விட்டு ஓடினாள், நாலு தடவையும் இவள் போய் அடைத்தாள். நான் ஒரு பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டேன், அதையும் இவள்தான் கோட்டில் நின்று உதைத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொன்னார். "அப்ப எல்லாரும் போடுற குப்பைய நீதான் அள்ளுறே. அதத்தானே நானும் கேட்டேன்."

மனிதர் ஒரே ஆட்டத்தில் புரிந்துகொண்டார். எனக்குப் புரிய அதைவிட ரொம்ப நாளாயிற்று.

பாத்திமா கோட்டைப்பட்டினத்துப் பெண். தலைத்துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு, முழுக்கால் சட்டையோடு ஆடுவாள். காற்று மாதிரி ஓடுவாள், ஆனால் ஓடினால் திரும்பி வர மாட்டாள். "ஏன்டி, போனவ போனவதானா? திரும்பி வரணும்னு தோணாதா ஒனக்கு?" என்று நான் கத்துவேன். "எதுக்கு வரணும்? அவதான் இருக்காளே" என்பாள். அவளைக் குறை சொல்லி என்ன, நானும் அப்படித்தான். உயரமாக வருகிற பந்துக்கு வெளியே வர எனக்குப் பயம். அவள் தலையால் முட்டிவிடுவாள் என்று கோட்டிலேயே நிற்பேன். எங்கள் அணியில் ஒருத்தியும் தன் வேலையை முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை. அவள் இருந்ததுதான் காரணம். இதை அவளிடம் ஒரு தடவை சண்டையாகவே சொன்னேன். "நீ ஒரு நாள் லீவு போடு, அப்பத்தான் இதுக திருந்தும்" என்றேன். "லீவு போட்டா ஒனக்கு ஆறு கோல் விழும்டி" என்றாள். உண்மைதான்.

பந்து ஆட்டத்தில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. ஒரு நாள் நான் விளையாட்டாக உதைத்த பந்து வேதியியல் ஆய்வகத்து ஜன்னலை உடைத்துவிட்டது. உள்ளே இருந்து ஒரு பேராசிரியை பாய்ந்து வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் மேடம், தெரியாமப் பட்டுருச்சு" என்று அவள் முன்னால் போய் நின்றாள். அரை மணி நேரம் வெயிலில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு நான் கேட்டேன்.

"நீ ஏன்டி போனே? ஒடச்சது நான்தானே?"

"நீன்னா அழுவே. அதப் பாத்துட்டு அவங்க இன்னும் திட்டுவாங்க. நான் அழமாட்டேன்ல, சீக்கிரம் முடிஞ்சிரும்."

இதைத் தியாகம் மாதிரி அவள் சொல்லவில்லை. கணக்குப் போட்டு விடை சொல்வதுபோலச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. எனக்காகப் பொய் சொல்ல அவளுக்கு யோசிக்க ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அது என்னை என்னவோ செய்தது. ஆனாலும் சாயங்காலம் அவளுக்கு ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்து அணி அணியாக அடுக்குவாள். நூலகத்தில் யாரும் தொடாத ஒரு பழைய கால்பந்துப் புத்தகத்தைத் தேடிப் பிடித்திருந்தாள். மூடிகளை நகர்த்திக்கொண்டே எங்களுக்குக் கதை சொல்லுவாள்.

"மொதமொதல்ல ரெண்டே ரெண்டு பேக்குதான்டி. அஞ்சு பேரு கோல் போட முன்னாடி நின்னாங்களாம். அப்பறம் அடி வாங்கி, நடுவுல இருந்து ஒருத்தர எறக்குனாங்க. மூணு ஆச்சு. அப்பறம் நாலு. அதும் பத்தலைன்னு அந்த நாலுல ஒருத்தர இன்னும் பின்னாடி தள்ளுனாங்க. அதுதான் நான். பாரு, கோல் போட நின்னவங்க ஒவ்வொருத்தரா பின்னாடி வந்துட்டாங்க."

"அப்ப கடேசில எல்லாரும் கோல் போஸ்ட்டுக்குள்ள வந்து நிப்போமா? எனக்கு எடம் இருக்குமா?" என்று நான் கேலி செய்வேன்.

"அதான் இல்ல. இனிமே திரும்பி முன்னாடி போவாங்க. நாலு பேரும் ஒரே கோட்டுல மேல ஏறிருவாங்க. எனக்கு வேல இருக்காது." ஒரு மூடியை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு யோசித்து, கோலிக்கான மூடியை முன்னால் நகர்த்தினாள். "ஆனா பின்னாடி கெடக்குற எடம் அப்படியேதானே கெடக்கும்? யாராச்சும் பாக்கணும்ல. நீதான் பாக்கணும். கோலி கோட்ட விட்டு வெளிய வந்து எங்க வேலையும் சேத்துச் செய்வா, வேணா பாரு. அதுக்கும் அப்பறம் பேக்குன்னு தனியா ஒருத்தியே இருக்க மாட்டா. பந்து கையில இல்லாத டீம்ல பதினோரு பேரும் பேக்குதான்."

நாங்கள் கொட்டாவி விட்டோம். அவள் சொன்னது எல்லாம் நடந்ததை இப்போது செல்போனில் எந்த ஆட்டத்தைப் போட்டாலும் பார்க்கலாம். கோலிகள் பாதி மைதானம் வரை ஓடி வருகிறார்கள்.

அவள் சொன்னது எங்களுக்கு மூன்றாம் வருஷமே வந்து சேர்ந்தது, புதிய விளையாட்டு ஆசிரியை உருவத்தில். மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "இனிமே இந்த டீம்ல ஸ்வீப்பர் கிடையாது. நாலு பேக்கும் ஒரே கோட்டுல. கோலி பின்னாடி இருந்து 'ஏறு'ன்னு கத்துவா. கத்துன உடனே நாலு பேரும் ஒண்ணா ஏறணும்."

ஆஃப்சைட் என்பதை வைத்து எதிரியைச் சிக்கவைக்கிற வித்தை அது. நம் கடைசி பேக்கைத் தாண்டி எதிரணி ஆள் முன்கூட்டியே நின்று பந்தை வாங்கினால் ஆஃப்சைட், லைன் நடுவர் கொடியைத் தூக்குவார், ஆட்டம் நின்றுவிடும். நாலு பேரும் ஒன்றாக ஓரடி முன்னேறினால் எதிரி தானாகவே அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வாள். ஆனால் நாலில் ஒருத்தி பின்தங்கிவிட்டால் எல்லாம் போச்சு. அந்த ஒருத்தியை வைத்துத்தான் கோடு கணக்காகும். மற்ற மூவரும் ஏறியது வீண், எதிரி தாராளமாக ஓடலாம்.

இத்தனை நாளும் எங்களைக் காப்பாற்றியது எதுவோ, இப்போது அதுவே எங்களைக் கவிழ்த்தது. அவளால் ஏற முடியவில்லை. "ஏறு" என்று நான் கத்துவேன். பாத்திமாவும் மற்ற இருவரும் ஏறுவார்கள். அவள் ஒரு எட்டு பின்னால் நிற்பாள். அளந்து வைத்ததுபோல ஒரே ஒரு எட்டு. மேடம் விசிலடித்து, கயிற்றை எடுத்து நாலு பேர் இடுப்பிலும் கட்டி ஏறவைத்தார். கயிறு இருந்தால் ஏறுவாள், அவிழ்த்தால் நிற்பாள்.

அதில் எனக்கும் பங்கு உண்டு. மேடம் தலை மறைந்ததும் நான்தான் அவள் காதில் ஓதுவேன். "அவங்க ஏறட்டும், நீ மட்டும் ஏறாதடி. பின்னாடி அம்புட்டு எடம் காலியா கெடந்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது." அவள் தலையாட்டுவாள். மறுநாள் மேடத்திடம் திட்டு வாங்குவாள். நான் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் திருச்சியில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை வைத்துப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. எடுக்கிற மூன்று பேர் குழுவில் எங்கள் மேடமும் ஒருவர். அந்த அணியில் ஆடினால் ஒரு சான்றிதழ் வரும். அதை நாங்கள் 'ஃபார்ம்' என்போம். ஃபார்ம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதலாம். எங்களுக்கெல்லாம் பந்து கடைசியில் அந்த ஒரு தாளுக்காகத்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போட்டிக்கு முந்தின வாரம், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்.

"எனக்கு ஆதனக்கோட்டையில மாப்பிள்ள பாத்து வச்சிருக்காங்கடி. பரீட்ச முடிஞ்சதும்னு பேச்சு. வேல வந்தா அப்பா தள்ளிப்போடுவாரு, அவரே சொன்னாரு. எனக்கு அந்த ஃபார்ம் வேணும்."

எனக்கு வேணும் என்று எதையுமே அவள் கேட்டதில்லை, கேன்டீனில் கடைசித் தோசைக்குக்கூட. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மூடிகளை அடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதனால அன்னைக்கு நான் ஏறப் போறேன். மேடம் சொன்ன மாதிரி. நீ பயந்துக்காத. நீ கத்து, நான் ஏறுறேன்."

"ஏறுடி. நான் பாத்துக்குறேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஏறினாள். திருச்சி மைதானத்தில் அன்றைக்கு நான் "ஏறு" என்று கத்திய ஒவ்வொரு தடவையும் நாலு முதுகும் ஒன்றாக நகர்ந்தன. ஐந்தாம் எண்ணும் சேர்ந்தே நகர்ந்தது. லைன் நடுவரின் கொடி எழும்பிக்கொண்டே இருந்தது. எதிரணிப் பெண்கள் எரிச்சலில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள். மேடம் பெஞ்சை விட்டு எழுந்து நின்று கைதட்டினார். நான்கூட இரண்டு நல்ல பந்தைத் தடுத்தேன். ஆட்டம் கோல் இல்லாமல் முடியப் போகிறது, அதுவே எங்களுக்கு வெற்றி, அதற்குள் தேர்வுக் குழுவுக்குப் பார்க்க வேண்டியது கிடைத்திருக்கும்.

முடிய பத்து நிமிஷம் இருக்கும். நடுவில் எதிரணிக்காரி ஒருத்தி பந்தை நிறுத்தித் தலையை நிமிர்த்தினாள். நான் "ஏறு" என்று கத்த வேண்டிய நேரம். நாலு பேரும் நான் கத்துவதற்கு முன்பே பழக்கத்தில் கால் எடுத்துவிட்டார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் எவ்வளவு புல் கிடக்கிறது என்று அந்த நொடியில்தான் பார்த்தேன். என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "நில்லு!" என்று கத்திவிட்டேன்.

மற்ற மூவரும் அதைக் காதில் வாங்கவே இல்லை, ஏறிவிட்டார்கள். அவள் நின்றாள். எடுத்த காலைக் கீழே வைத்து நின்றாள். எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி எங்கள் மூவரையும் தாண்டி, அவளுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். கொடி எழவில்லை. பந்து மேலே வந்து விழுந்தது. அந்தப் பெண் ஓடினாள், இவள் திரும்பித் துரத்தினாள். நான் பாதி தூரம் வெளியே வந்து, பிறகு போகலாமா வேண்டாமா என்று அங்கேயே நின்றேன். பந்து என் பக்கமாகவே உருண்டு உள்ளே போனது.

ஆட்டம் முடிந்ததும் மேடம் எல்லோர் முன்னாலும் அவளைத்தான் கேட்டார். "அம்பது தடவை ஏறினியே, அந்தத் தடவை மட்டும் ஏன் நின்னே?"

"கால் வரல மேடம்" என்றாள்.

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதன் பட்டை மிகச் சுலபமாகக் கழலும். ரொம்ப நேரம் கழற்றினேன். பாத்திமா "பழக்கம் போகாதுடி ஒனக்கு" என்று அவளைத் திட்டி அழுதாள். ஊர் திரும்பும் பேருந்தில் அவள் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கீரனூர் தாண்டுகிற வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் மேடம் என் பெயரை அடித்துவிடுவாரோ என்றும் நினைத்தேன். இரண்டாவதாக நினைத்ததுதான் ஜெயித்தது. அவள் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

பல்கலைக்கழக அணியில் என் பெயர் வந்தது. பாத்திமா பெயரும் வந்தது. அவள் பெயர் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிப்பிடிப்பில் கொஞ்சமும் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனி மாதம் அவளுக்குக் கல்யாணம். எனக்கு அன்றைக்கு உடல் தகுதித் தேர்வுக்கான பயிற்சி என்று சொல்லிப் போகவில்லை. பயிற்சி காலையிலேயே முடிந்துவிட்டது.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் அவளைப் பார்க்கவில்லை. தேடவில்லை என்று எழுதுவதுதான் சரி. எனக்குப் போலீஸ் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, இரண்டு மாறுதல் ஆயிற்று, மறுபடி புதுக்கோட்டைக்கே வந்தேன். போன சித்திரையில் பாதுகாப்புப் பணிக்காகத் தஞ்சாவூர் சாலையில் வேனில் போய்க்கொண்டிருந்தோம். ஆதனக்கோட்டையில் சாலையோரம் வரிசையாக முந்திரி வறுத்து விற்பார்கள். டிரைவர் முந்திரி வாங்க நிறுத்தினார். ஒரு கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து வறுத்த கொட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை முகம் பார்க்காமலேயே தெரிந்துகொண்டேன்.

அவள் திரும்பினாள். யூனிஃபார்மைப் பார்த்து மரியாதையாக எழுந்தவள், முகத்தைப் பார்த்ததும், "அடியே!" என்று கத்தினாள். சொந்தக் கொட்டகைதானாம். வீட்டுக்காரர் நல்லவராம், ஒரு பையன் நாலாவது படிக்கிறானாம். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு கையைச் சேலையில் மறைத்துக்கொண்டு, "மழை வந்து வேல நின்னா இது போயிரும்டி" என்றாள். டீ வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை. பக்கத்தில் வேனில் ஆட்கள் காத்துக்கொண்டிருக்க, யூனிஃபார்மோடு நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குத் திருச்சில நான்தான்டி நில்லுன்னு கத்துனேன். ஒனக்கு வர வேண்டிய ஃபார்ம நான் கெடுத்துட்டேன். அப்பவே மேடத்துக்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லாம வேலைக்கு வந்துட்டேன்."

அவள் கொஞ்சம் முழித்தாள். பிறகு சிரித்தாள். "நீ கத்துனியா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையேடி. அன்னைக்கு அம்புட்டுச் சத்தம். நானாத்தான் நின்னேன். மூணு வருஷம் நின்ன காலு, நின்னுருச்சு. இதையா இத்தன வருஷம் தூக்கிச் சுமந்தே? பைத்தியம்."

ஒரு கிலோ முந்திரியைக் கட்டி என் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை. வேன் கிளம்பியபோது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கேட்கவே இல்லையாம். அவளாகத்தான் நின்றாளாம். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர், "என்ன, பிரமோஷனா?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அந்த நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதியில்தான் மேடத்துக்கு ஃபோன் செய்தேன். ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறார். பழைய அணி பிள்ளைகளை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார், அவள் நம்பர் மட்டும் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருப்பார். நம்பர் கிடைத்துவிட்டது என்று சொன்னதும் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"அந்தப் பிள்ளைய நான் மறக்கலம்மா. செலக்சனுக்கு நான் எழுதி வச்சிருந்த மொத பேரு அவதான். அந்தக் கோலுக்கு அப்பறமும் அவ பேர நான் அடிக்கல. என்னமோ 'நில்லு'ன்னு ஒரு சத்தம் எனக்குப் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. ஒன் குரல் மாதிரி இருந்துச்சு, நிச்சயமாத் தெரியல. அதனால அவளத் தனியாக் கூப்புட்டு, யாரு கத்துனதுன்னு கேட்டேன்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன். மேடமே தொடர்ந்தார்.

"'எதிர் டீம் பொண்ணு கத்துச்சு மேடம், நான்தான் ஏமாந்து நின்னுட்டேன்'னு அவ சொன்னா. எதிரி கத்துனதுக்கு நிக்கிற பேக்க எப்படிம்மா மேல அனுப்புறது? குழுவுல மத்த ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டாங்க. அப்பத்தான் அடிச்சேன்."

"நான்தான் கத்துனேன் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

மேடம் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதச் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் எடுத்திருப்பேனேம்மா. ஒம் பேர அடிச்சிருக்க மாட்டேன். அந்த வருஷம் நாங்க பாத்ததுல ஒழுங்கான கோலி நீ ஒருத்திதான். கோலி கத்துனா பேக்கு நிக்கத்தான் செய்வா, அது அவ தப்பும் இல்ல."

ஃபோனை வைத்துவிட்டேன். முந்திரி இன்னும் பாதி டப்பாவில் இருக்கிறது, யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நான் இன்னும் பேசவில்லை. நம்பர் இருக்கிறது, இரண்டு தடவை எடுத்தும் பார்த்தேன். பேசினால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். மேடத்துக்கு வயசாயிருச்சுடி, யாரையோ நெனச்சுக்கிட்டு எதையோ சொல்றாங்க, நீ அத நம்பிக்கிட்டு அழாத என்பாள்.